மயில்கழுத்துப் பட்டும் மானிட்டரும்

கல்யாண ஆல்பம் வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சு புடவையைப் பற்றித்தான் இருக்கும். "நாம எடுத்த புடவை இந்தக் கலர் இல்லையே" என்பார் பெண்ணின் அம்மா. படம் எடுத்தவரைக் கூப்பிட்டால், "என் சிஸ்டத்துல சரியாத்தான் இருக்கு, நீங்களே வந்து பாருங்கம்மா" என்பார். போய்ப் பார்த்தால், உண்மையிலேயே அவருடைய திரையில் வேறு நிறம். பெண்ணின் செல்போனில் அதே படம் இன்னொரு நிறம். பீரோவைத் திறந்து புடவையை விரித்தால், இவை எதனோடும் சேராத நான்காவது நிறம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் முன்னால் இருந்ததைத்தான் அவரவர் பார்த்தார்கள்.

இந்தக் குழப்பத்தில் கேமராவுக்குப் பங்கு உண்டு, மண்டபத்து விளக்குகளுக்கு உண்டு, அச்சுக்கும் உண்டு. ஆனால் நிறத்தைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் இடம் எடிட் செய்பவரின் மானிட்டர்தான். "சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று அவர் குறைப்பது அந்தத் திரையைப் பார்த்துத்தான். திரையே சிவப்பைக் கூட்டிக் காட்டினால், படத்தில் இருக்க வேண்டிய சிவப்பை அவர் எடுத்துவிடுவார். மானிட்டர் ஒரு தராசு. தராசில் கோளாறு இருந்தால் அதில் நிறுத்த எல்லாப் பொருளிலும் அந்தக் கோளாறு ஏறிவிடும். நிறுத்தவர் எவ்வளவு நேர்மையானவர் என்பது அங்கே உதவாது. ஒரு மானிட்டர் அழகாக இருக்கிறதா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அது காட்டும் நிறத்தை எண்ணால் சரிபார்க்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

கண் ஒத்துப்போய்விடும்

எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வரிசையாக எரியும் திரைகளுக்கு முன்னால் நின்றால் நம் கண் எங்கே போகும்? வெளிச்சம் அதிகமான திரைக்கு, வெள்ளையில் லேசாக நீலம் கலந்த திரைக்கு, சிவப்பும் பச்சையும் பளிச்சென்று அடிக்கும் திரைக்குத்தான் போகும். தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பல திரைகள் பெட்டியிலிருந்து வெளிவரும்போதே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கும். ஒழுங்காகச் சரிசெய்த ஒரு திரையை அவற்றின் நடுவில் வைத்தால் சோகை பிடித்ததுபோல, மஞ்சள் படிந்ததுபோலத் தோன்றும். மற்றவற்றை அணைத்துவிட்டு அதை மட்டும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மஞ்சள் போய்விடும். திரை அப்படியேதான் இருக்கிறது, மாறியது பார்ப்பவரின் கண்.

பழைய குண்டு பல்பின் நிறவெப்பநிலை சுமார் 2,850 கெல்வின். பகல் வெளிச்சம் 5,500 முதல் 6,500 கெல்வின் வரை. இரண்டிலும் நீல ஒளியின் பங்கு வெகுவாக மாறுபடுகிறது. ஆனாலும் வெள்ளை வேட்டி இரண்டிலும் நமக்கு வெள்ளையாகத்தான் தெரிகிறது. விழித்திரையில் உள்ள மூன்று வகைக் கூம்பு செல்களும், விழும் ஒளிக்கு ஏற்பத் தங்கள் உணர்திறனைத் தனித்தனியே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன என்று ஜெர்மன் உடலியல் அறிஞர் யோஹன்னஸ் ஃபான் கிரீஸ் 1902இல் விளக்கினார். பழம் பழுத்திருக்கிறதா என்பதைக் காலையிலும் சாயங்காலத்திலும் ஒரேபோலக் கண்டுபிடிக்க இந்தத் திறன் உதவுகிறது. நிறத்தை அளக்க வேண்டிய வேலையில் அதுவே இடைஞ்சலாகிவிடுகிறது. நீலம் ஓடிய திரைக்கு முன்னால் நாள் முழுக்க உட்காருபவருக்கு அந்த நீலத்தில் பெரும்பகுதி தெரியாமலே போய்விடும். ஒத்துப்போவது முழுமையாக நடப்பதும் இல்லை. தெரிகிற மிச்ச நீலத்தை ஈடுகட்ட, தன்னையறியாமல் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் மஞ்சளை ஏற்றுவார்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பாரிஸில் கோபலான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் இருக்கிறது. அதன் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரலிடம் ஒரு புகார் வந்தது. நீலம், ஊதாத் துணிமடிப்புகளில் நிழலுக்காகப் போடும் கறுப்பு நூல் அடர்த்தியாக இல்லை, சாயம் சரியில்லை என்றார்கள். அவர் சாயத்தைச் சோதித்தார். மற்ற ஊர்களில் சாயம் போட்ட கறுப்பு நூலோடும் ஒப்பிட்டார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறச் செய்திருந்தன. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்து நிறம் முடிவு செய்கிறது என்று 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். ஃபோட்டோ எடிட்டிங் மென்பொருள்கள் படத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தை வைத்திருப்பதற்கு அடிப்படை இதுதான். உங்கள் மேசைக்குப் பின்னால் கிளிப்பச்சைச் சுவர் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மானிட்டரிலும் மணப்பெண்ணின் முகம் சற்றுச் சிவந்துதான் தெரியும்.

பதினேழு பேரின் கண்

கண்ணை நம்ப முடியாது என்றால் நிறத்தை எதை வைத்து அளப்பது? விடை தேடியவர்கள் கடைசியில் கண்ணிடமே திரும்பி வந்தார்கள். ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். "இது என்ன நிறம்?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். "இந்த இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதா?" என்று கேட்டால் கண் வியக்கத்தக்க துல்லியத்தோடு பதில் சொல்லும்.

1920களின் பிற்பகுதியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ரைட் 10 பேரையும், டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜான் கில்டு 7 பேரையும் வைத்து இதைத் தனித்தனியே செய்தார்கள். இருட்டறை. கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துளை. உள்ளே ஒரு சிறிய வட்டு, நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும். கையை நீட்டினால் கட்டைவிரல் எவ்வளவு அகலமாகத் தெரியுமோ அவ்வளவுதான் அதன் அளவு. ஒரு பாதியில் நிறமாலையிலிருந்து எடுத்த ஒற்றை அலைநீள ஒளி. மறு பாதியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. பார்ப்பவர் மூன்று குமிழ்களையும் திருகித் திருகி, நடுக்கோடு மறையும் வரை சரிசெய்ய வேண்டும். கோடு மறைந்ததும் மூன்று ஒளிகளின் அளவையும் குறித்துக்கொள்வார்கள். பிறகு அடுத்த அலைநீளம்.

பல அலைநீளங்களில் எவ்வளவு திருகியும் கோடு மறையவில்லை. முக்கியமாக 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சை. நீலத்தையும் பச்சையையும் கலந்தால் சாயல் சரியாக வரும், ஆனால் கலவை வெளிறித் தெரியும். காரணம் நம் கூம்பு செல்களின் அமைப்பில் இருக்கிறது. மூன்று வகைச் செல்களும் முறையே 420, 530, 560 நானோமீட்டர் அளவில் உச்ச உணர்திறன் கொண்டவை. பின்னிரண்டும் மிக நெருக்கமானவை. பச்சைக்கான செல்லை மட்டும் தூண்டுகிற ஒளி என்று ஒன்று இயற்கையில் இல்லை. பச்சை ஒளியைப் போட்டாலே பக்கத்துச் செல்லும் சேர்ந்து தூண்டப்பட்டு, வேண்டாத சிவப்பு கலவையில் வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சிவப்பைக் கழிக்க வழியில்லாததால், எதிர்ப் பாதியில் இருந்த ஒற்றை ஒளியோடு சிவப்பைச் சேர்த்து இரண்டையும் சமமாக்கினார்கள். கணக்கில் அதை எதிர்மறைச் சிவப்பு என்று எழுதினார்கள்.

மூன்று விளக்குகளைக் கொண்டு உலகின் எல்லா நிறங்களையும் காட்டிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. மானிட்டர் என்பதும் மூன்று விளக்குகள்தான். எதிர்மறைச் சிவப்பை எந்தத் திரையாலும் எரிய வைக்க முடியாது. எந்தத் திரையும் அதிகமாகத் தடுமாறும் இடமும் அந்த நீலப்பச்சைதான், அதாவது மயில்கழுத்து இருக்கும் இடம்.

அந்த 17 பேரின் அளவுகளைச் சராசரியாக்கி, பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையமான சிஐஇ 1931இல் "தர நோக்கர்" என்று ஒருவரை வகுத்தது. மனிதக் கண்ணுக்குத் தெரியும் நிறங்களைக் குதிரைலாட வடிவ வரைபடமாகப் போட்டதும் அப்போதுதான். இன்று சென்னை ரிச்சி தெருவில் விற்கும் மானிட்டரின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்கள்கூட, பிரிட்டனில் இரண்டு இருட்டறைகளில் குமிழ் திருகிய அந்த 17 பேரிடம்தான் போய் முடிகின்றன.

முக்கோணத்துக்கு உள்ளே, முக்கோணத்துக்கு வெளியே

குதிரைலாட வரைபடத்தில் மானிட்டரின் சிவப்பு, பச்சை, நீலத்தை மூன்று புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்தத் திரையால் காட்ட முடிகிற நிறங்கள் எல்லாம் அதற்குள்தான். இதை நிறப்பரப்பு என்போம். மூன்று முக்கோணங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது எஸ்ஆர்ஜிபி. எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996இல் முன்வைத்து, 1999இல் பன்னாட்டுத் தரமானது. அந்தக் காலத்துக் குழாய் மானிட்டர்களின் பாஸ்பர் காட்டிய நிறங்களை ஒட்டி அமைந்தது. வரைபடத்தின் பரப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் பிடிக்கிறது. இணையத்தின் பொதுமொழி இன்றும் இதுதான்.

இரண்டாவது அடோபி ஆர்ஜிபி. இதன் பிறப்பு சுவையானது. 1998இல் ஃபோட்டோஷாப் 5.0 உருவானபோது, எஸ்எம்பிடிஇ 240எம் என்ற தொலைக்காட்சித் தரத்தின் ஆவணத்திலிருந்து எண்களை எடுத்துப் போட்டார்கள். அவை அந்தத் தரத்தின் உண்மையான எண்கள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அச்சுத் தொழிலில் இருந்தவர்களுக்கு அது பிடித்துப்போயிருந்தது. பெயரை மட்டும் மாற்றி அப்படியே வைத்துக்கொண்டார்கள். இதன் பச்சைப் புள்ளி எஸ்ஆர்ஜிபியின் பச்சையைவிட வெகுதூரம் வெளியே இருக்கிறது. ஆகவே நீலப்பச்சை வட்டாரம் நன்றாக விரிகிறது. ஆஃப்செட் அச்சின் சயான் மை எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே விழும், அடோபி ஆர்ஜிபிக்குள் வந்துவிடும். சிவகாசியில் ஓடும் அச்சு இயந்திரத்தால் தாளில் போட முடிகிற ஒரு நீலத்தைச் சாதாரண மானிட்டரால் காட்ட முடியாது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். தாளைவிடத் திரை எப்போதும் வளமானது என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம்.

மூன்றாவது பி3. டிஜிட்டல் சினிமாவுக்காக அமெரிக்க ஸ்டுடியோக்கள் வகுத்தது. அதன் ஒரு வடிவத்தை ஆப்பிள் 2015இல் ஐமேக்கிலும், அடுத்த ஆண்டு ஐபோன் 7இலும் கொண்டுவந்தது. சிவப்பிலும் ஆரஞ்சிலும் விரிவானது. அரக்கும் குங்குமமும் இதில் நன்றாக நிற்கும். நீலப்பச்சையில் அடோபி அளவுக்கு எட்டாது.

பட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அசல் மயில்கழுத்துப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடியிருந்தால் மடிப்பின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் தெரியும். கட்டியவர் நகர்ந்தால் நிறமும் நகரும். அந்த நிறம் நூலில் மட்டும் இல்லை, பார்க்கும் கோணத்திலும் இருக்கிறது. படம் என்பது ஒரு கோணத்தை உறைய வைத்தது. திரையோ அந்த ஒரு நிறத்தையே எல்லாப் பக்கமும் அனுப்புகிறது. ஜரிகையின் மினுக்கத்துக்கும் இதே கதிதான். ஆகவே ஒரு நேர்மையான எடிட்டர் தாய்மாரிடம் சொல்லக்கூடியது இதுதான்: முகத்தின் நிறத்தைச் சரியாகத் தர முடியும், அரக்கையும் மாம்பழ மஞ்சளையும் மிக நெருக்கமாகத் தர முடியும், மயில்கழுத்தில் ஒரு மடிப்பைத் தர முடியும்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

விலை குறைந்த லேப்டாப்களின் விவரப் பட்டியலில் "45% என்டிஎஸ்சி" என்று இருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த முக்கோணம். அதில் 72 சதவீதப் பரப்பு ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். அப்படியானால் 45 சதவீதம் என்பது எஸ்ஆர்ஜிபியிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அந்தத் திரையில் குங்குமம் செங்கல் நிறத்தில் தெரியும். அதைப் பார்த்துச் சிவப்பைக் கூட்டி அனுப்பினால், நல்ல போனில் முகம் முழுக்கச் சிவப்பு வழியும். படத் திருத்தத்துக்கு இந்த வகை லேப்டாப் திரையை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது என்பேன். வெளியே ஒரு மானிட்டரை இணைத்துக்கொள்ளுங்கள்.

"எஸ்ஆர்ஜிபி 120%" என்று பெருமையாகப் போட்டிருந்தால் கவனம் தேவை. அது முக்கோணத்தின் பரப்பளவை மட்டும் ஒப்பிட்ட கணக்கு. சிவப்புப் பக்கம் வெளியே துருத்திக்கொண்டு, நீலப்பச்சைப் பக்கம் குறைவாக இருந்தாலும் மொத்தப் பரப்பு 120 ஆகிவிடலாம். கேட்க வேண்டியது கவரேஜ். அதாவது, தர முக்கோணத்தில் எவ்வளவு பகுதி இந்தத் திரையின் முக்கோணத்துக்குள் அடங்குகிறது என்பது. கவரேஜ் ஒருநாளும் 100 சதவீதத்தைத் தாண்டாது.

அடுத்தது டெல்டா இ. காட்ட வேண்டிய நிறத்துக்கும் காட்டிய நிறத்துக்கும் உள்ள தூரம் இது. இந்தத் தூரத்தை அளப்பது எளிதாக இருக்கவில்லை. கோடாக்கில் பணியாற்றிய டேவிட் மக்கடம், ஒரே ஒருவரைத் திரும்பத் திரும்ப நிறங்களைப் பொருத்தச் சொல்லி ஆயிரக்கணக்கான பதிவுகளை 1942இல் வெளியிட்டார். சிஐஇ வரைபடத்தில் பச்சைப் பக்கம் வெகுதூரம் நகர்ந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை, நீலப் பக்கம் துளி நகர்ந்தாலே தெரிந்துவிடுகிறது என்பது அதில் வெளிப்பட்டது. அதன்பிறகு கண்ணின் உணர்வுக்குப் பொருந்தும் அளவுகோலைத் தேடி 1976இல் ஒன்றும், 2000இல் அதைத் திருத்தி இன்னொன்றும் வந்தன. புதிய அளவுகோலில் டெல்டா இ 1 என்றால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டுமே கூர்மையான கண்ணுக்குத் தெரியும். சராசரி 2க்குக் கீழே இருந்தால் வேலைக்குப் போதும். ஆனால் சராசரியோடு நின்றுவிட வேண்டாம். நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு மானிட்டருக்கும் தொழிற்சாலையில் அளந்த தாள் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்திருக்கும். அதில் சாம்பல் படிகளின் எண்களைத் தனியாகப் பாருங்கள். சாம்பலில் சாயம் ஏறினால் எல்லா நிறத்திலும் ஏறும்.

பேனல் வகையில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஐபிஎஸ் வாங்குங்கள். 1996இல் ஹிட்டாச்சி கொண்டுவந்த இந்த முறையில் திரவப் படிக மூலக்கூறுகள் கண்ணாடியின் தளத்திலேயே கிடைமட்டமாகச் சுழல்கின்றன. அதனால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. பழைய டிஎன் வகையில் தலையைச் சற்று உயர்த்தினாலே படத்தின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் வேறு வேறாகத் தெரியும். விஏ வகையின் கறுப்பு ஆழமானது. ஆனால் நேராகப் பார்க்கும்போது அடங்கிப்போகும் இருண்ட விவரங்கள், சாய்ந்து பார்த்தால் எழுந்து தெரியும். பெண்ணின் கூந்தலில், மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டில் வேலை செய்யும்போது இது கழுத்தறுப்பு. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். ஆனால் எடிட்டிங் மென்பொருளின் பட்டைகள் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதால் அவற்றின் தடம் திரையில் தங்கிவிடும் அபாயம் இன்னும் தீரவில்லை.

8 பிட் திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1,024. ரிசப்ஷன் மேடையின் பின்னணியில் ஊதா ஒளி மெல்ல மங்கிக்கொண்டே போகும் இடத்தில் வரிவரியாகப் பிரிந்து தெரிந்தால் படிகள் போதவில்லை என்று பொருள். இரண்டு அடுத்தடுத்த படிகளை மாறி மாறிக் காட்டி நடுப்படியை உண்டாக்கும் முறையில் 10 பிட் தரும் திரைகள் உண்டு. அவற்றைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

இன்றைய திரைகளின் பின்விளக்கு நீல எல்இடியிலிருந்து தொடங்குகிறது. 2014இல் இயற்பியல் நோபல் பெற்ற கண்டுபிடிப்பு அது. சாதாரணத் திரையில் நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளை ஆக்குகிறார்கள். அந்த மஞ்சள் அகலமாகப் பரவியிருப்பதால் பச்சையும் சிவப்பும் சுத்தமாகப் பிரிவதில்லை, முக்கோணம் சிறிதாகிறது. 2023இல் வேதியியல் நோபல் பெற்றுத்தந்த குவாண்டம் புள்ளிகள் மிகக் குறுகிய அலைநீளப் பட்டையில் ஒளிர்கின்றன. முக்கோணம் விரிகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒளி எவ்வளவு குறுகிய பட்டையாகிறதோ அவ்வளவுக்கு, பார்ப்பவருக்குப் பார்ப்பவர் நிறம் மாறித் தெரியும். வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளாவதால் 25 வயது உதவியாளரும் 60 வயது ஸ்டுடியோ உரிமையாளரும் ஒரே திரையின் வெள்ளையைப் பற்றி வாதிட்டால் இருவரும் சரியாக இருக்கலாம். 17 பேரின் சராசரியில் இருவருமே இல்லை, அவ்வளவுதான்.

எதை வாங்குவது, வாங்கியபின் என்ன செய்வது

படங்கள் போனுக்கும் இணையத்துக்கும், எஸ்ஆர்ஜிபி கோப்பு கேட்கும் ஆல்பம் லேப்புக்கும் மட்டும் போகின்றன என்றால் எஸ்ஆர்ஜிபியை முழுதாக மூடும் ஐபிஎஸ் மானிட்டர் போதும். டெல் அல்ட்ராஷார்ப், ஆசுஸ் புரோஆர்ட் வரிசைகளில் தேடலாம். கலைப் படங்களை நல்ல இங்க்ஜெட்டில் அச்சிடுபவரும், ஆஃப்செட்டுக்கு ஜவுளிப் பட்டியல் தயாரிப்பவரும் அடோபி ஆர்ஜிபியை 99 சதவீதம் மூடும் திரைக்குப் போக வேண்டும். பென்க்யூவின் எஸ்டபிள்யூ வரிசையும் எய்சோவின் கலர்எட்ஜும் அதற்கானவை. கலர்எட்ஜில் சில மாடல்களில் அளவுகருவி மானிட்டரிலேயே பொருத்தப்பட்டிருக்கும்.

விரிந்த நிறப்பரப்பு உள்ள திரையில் ஒரு பொறி இருக்கிறது. கோப்பில் உள்ள 255, 0, 0 என்ற எண் "முழுச் சிவப்பு" என்று மட்டும்தான் சொல்கிறது. எந்தச் சிவப்பு என்பதைக் கோப்போடு இணைந்த புரொஃபைல் சொல்கிறது. இதற்கான பொதுவிதிகளை 1993இல் தொடங்கிய பன்னாட்டு நிறக் கூட்டமைப்பான ஐசிசி வகுத்தது. ஃபோட்டோஷாப்பும் லைட்ரூமும் புரொஃபைலை மதித்து மொழிபெயர்த்துக் காட்டும். மதிக்காத மென்பொருளில் அதே படம் திரையின் ஆகக் கடைசிச் சிவப்பில் எரியும். ஆகவே ஒரே பட்டனில் எஸ்ஆர்ஜிபிக்கு மாறும் வசதி உள்ள மானிட்டராகப் பாருங்கள்.

பட்ஜெட்டில் ஒரு பங்கைக் கேலிபரேஷன் கருவிக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் மானிட்டர் வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. கேலிபரேட் செய்த நடுத்தர மானிட்டர், கேலிபரேட் செய்யாத உயர்ரக மானிட்டரைவிட நம்பகமானது. உள்ளங்கையளவு கருவிதான். திரையின் நடுவில் தொங்கவிட்டால், மென்பொருள் ஒன்றன்பின் ஒன்றாக நிறக்கட்டங்களைக் காட்டும், கருவி அளக்கும். கேட்ட நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு அந்த மானிட்டருக்கென்றே ஒரு புரொஃபைல் எழுதிவிடும். கிரேம் கில் எழுதிய ஆர்கில் என்ற மென்பொருள் இலவசம், பல கருவிகளோடு வேலை செய்யும். திரையை அரை மணி நேரம் எரியவிட்டபின் அளக்க வேண்டும். கருவியின் மென்பொருளில் உங்கள் திரையின் பின்விளக்கு எந்த வகை என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் அளவே பிசகும். உயர்ந்த மானிட்டர்களில் திருத்தம் மானிட்டருக்குள்ளேயே 14 அல்லது 16 பிட் துல்லியத்தில் நடக்கும். மற்றவற்றில் கிராஃபிக்ஸ் கார்டில் நடக்கும். அப்போது 256 படிகளில் சில தொலையும்.

வெள்ளைக்கு 6,500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் 80 முதல் 120 நிட்ஸ் வரை என்று வையுங்கள். இந்த மூன்றாவது எண்ணில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கடையிலிருந்து வரும் மானிட்டர் 250, 300 நிட்ஸில் எரியும். அந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரியும்வரை படத்தை இருட்டாக்கிவிட்டு, "லேப்ல டார்க்கா போட்டுட்டாங்க" என்று வருத்தப்படுபவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். தாள் தானாக ஒளிர்வதில்லை. தன் மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது மட்டுமே அதன் வேலை. திரையின் வெள்ளை, பக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் பிடித்த வெள்ளைத்தாள் அளவுக்கே இருக்க வேண்டும். அறையில் ஜன்னல் வெயில் நேராகத் திரையில் விழக்கூடாது, விளக்கு காலையும் மாலையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மானிட்டர் வந்த அன்றே, திருப்பித்தரும் காலக்கெடு முடிவதற்கு முன், திரை முழுக்க நடுத்தரச் சாம்பலை நிரப்பி ஒரு பக்கம் இளஞ்சிவப்பாகவும் மறுபக்கம் பச்சையாகவும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஐபிஎஸ் திரைகளில் இது அரிதில்லை, கேலிபரேஷனால் சரிசெய்யவும் முடியாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். அடுத்து, முகமும் அரக்கும் மஞ்சளும் கூந்தலும் உள்ள ஒரு படத்தை நீங்கள் வழக்கமாக அனுப்பும் லேப்பிலேயே, "கலர் கரெக்ஷன் எதுவும் செய்யாதீங்க" என்று சொல்லி ஒரு பிரிண்ட் போட்டு வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தாள் இருட்டாகத் தெரிந்தால் திரையின் வெளிச்சத்தைத்தான் குறைக்க வேண்டும், கோப்பைத் தொடக்கூடாது. அந்தப் பிரிண்ட்டின் பின்பக்கம் தேதி எழுதி மூடிய உறையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை கேலிபரேட் செய்யும்போது எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் கிடந்தால் சாயம் மங்கும் என்பதால், லேப் தாளையோ இயந்திரத்தையோ மாற்றும்போதும் வருடத்துக்கு ஒருமுறையும் அதே கோப்பிலிருந்து புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.